ஜங்ஷன் அத்தையின் அடுப்படி

மேலக்கரட்டில் ரயில் நின்ற காலத்தில் அங்கே ஊரைவிட ஸ்டேஷன் பெரிதாக இருந்தது. ஊர் என்றால் ஒரு கரடு, அதன் அடிவாரத்தில் கொஞ்சம் வீடுகள், ஒரு டீக்கடை, அவ்வளவுதான். ஸ்டேஷனுக்கோ இரண்டு பிளாட்பாரம், இன்ஜினுக்குத் தண்ணீர் பிடிக்க உயரமான தொட்டி, பருத்திப் பொதி அடுக்கும் கொட்டகை, மேலக்கரடு சந்திப்பு என்று எழுதிய மஞ்சள் பலகை எல்லாம் இருந்தன. மதுரையிலிருந்து மேற்கே போகும் மெயின் லைனிலிருந்து, பருத்தியும் கடலையும் ஏற்றுவதற்காக எந்தக் காலத்திலோ போட்ட கிளைப்பாதை அங்கேதான் பிரிந்து எங்கள் ஊர்ப் பக்கம் வந்தது. மதுரை வண்டி வந்து ஆட்களை இறக்கிவிடும்வரை எங்கள் கிளை வண்டி கிளம்பாது. அந்தக் காத்திருப்பில்தான் ஜங்ஷனே உயிரோடு இருந்தது.

அத்தை அங்கே பாயிண்ட்ஸ்மேனாக இருந்தவரின் மனைவி. தண்டவாளத்தை மாற்றிவிட்டு வண்டியை இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று திருப்பிவிடுவது அவர் வேலை. அத்தையைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எல்லோருக்கும் ஜங்ஷன் அத்தைதான். நானும் அப்படியே எழுதுகிறேன்.

நான் மதுரையில் ஹாஸ்டலில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை ஊருக்கு வரும்போது மேலக்கரட்டில் வண்டி மாற வேண்டும். முதல் தடவை ஸ்டேஷன் பாத்ரூமுக்குப் போய், கதவில் தாழ்ப்பாள் இல்லாததைப் பார்த்து முழித்துக்கொண்டு நின்றேன். குவார்ட்டர்ஸ் வாசலில் முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்த ஒரு பருத்த அம்மா, தலையை நிமிர்த்தாமலேயே, "இங்கிட்டு வாத்தா, நம்ம வீட்ல தாப்பா இருக்கு" என்றாள். கூச்சத்தோடு போனேன். வெளியே வந்தபோது காபி வைத்திருந்தாள். அதற்குப் பிறகு என் சனிக்கிழமைகள் எல்லாம் அந்த அடுப்படியில்தான் கழிந்தன. நான் மட்டுமில்லை, லைனில் போய்வரும் பெண்கள் பாதிப் பேர் அங்கேதான் கிடப்போம்.

அத்தைக்கு ஒரு பழக்கம் உண்டு. வண்டி வரும்போது சத்தத்துக்கு மேல் கத்திப் பேச மாட்டாள். பேசிக்கொண்டிருந்த சொல்லைப் பாதியில் நிறுத்திக்கொண்டு, வண்டி நின்ற பிறகு அந்தப் பாதியிலிருந்தே தொடங்குவாள். நடுவில் என்ன சொல்லிக்கொண்டிருந்தாள் என்பது எங்களுக்கு மறந்துபோயிருக்கும், அவளுக்கு மறக்காது. வண்டி நிற்கும் அந்த நேரத்தில் அவள் கண் முழுக்க ஜன்னலில்தான் இருக்கும்.

அந்த ஜன்னலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். குவார்ட்டர்ஸ் பிளாட்பாரத்தின் கோடியில் இருந்தது. அடுப்படி ஜன்னலில் உட்கார்ந்தால் மதுரை வண்டியிலிருந்து இறங்குகிற ஒவ்வொரு ஆளையும் பார்க்கலாம். வெளியே இருப்பவர்களுக்கு உள்ளே புகை படிந்த இருட்டு மட்டும்தான் தெரியும். பின்கதவைத் திறந்தாலோ நேரே எங்கள் கிளை வண்டி நிற்கும் தண்டவாளம். இந்த ஜன்னலையும் பின்கதவையும் வைத்துக்கொண்டு அத்தை எத்தனை பெண்களின் தலையெழுத்தில் கைவைத்தாள் என்று எனக்குத் தெரியாது. அவளும் கணக்கு வைத்துக்கொண்டதில்லை.

விஷயம் இதுதான். எங்கள் பக்கத்துப் பெண்ணுக்கு மதுரைப் பக்கத்து மாப்பிள்ளை வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் வைத்துப் பெண் பார்ப்பதற்கு முன்னால், வண்டி மாறுகிற சாக்கில் ஜங்ஷனில் ஒரு பார்வை பார்த்துக்கொள்வது என்று ஒரு வழக்கம் இருந்தது. பெண் பக்கம் பெண்ணும் அம்மாவும் மட்டும் கிளை வண்டியில் வருவார்கள். மாப்பிள்ளை வீட்டார் மதுரை பாசஞ்சரில் வந்து இறங்குவார்கள். ஆனால் கிளை வண்டி எப்போதும் முன்னால் வந்துவிடும். அம்மாவும் பெண்ணும் பின்கதவு வழியாக அத்தை அடுப்படிக்குள் போய்விடுவார்கள். மதுரை வண்டி நிற்கும்போது பெண்ணை ஜன்னலோரம் உட்கார்த்தி வைத்து அத்தை ஒன்றே ஒன்றுதான் சொல்வாள். "எறங்குறதப் பாரு தாயி. மூஞ்சி எங்கயும் ஓடிப்போகாது."

பெண் பிடித்திருக்கிறது என்று சொன்னால் அத்தை தலைவாரிப் பூ வைத்து, அப்போதுதான் வந்தவள்போல முன்வாசல் வழியாக அனுப்பிவைப்பாள். வேண்டாம் என்றால் பின்வாசல் திறக்கும். அம்மாவும் பெண்ணும் ஜல்லியில் நடந்து, பிளாட்பாரம் இல்லாத பக்கமாகச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கிளை வண்டியில் தொற்றி ஏறிவிடுவார்கள். அத்தை முன்பக்கம் போய் முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல், பெண் வீட்டுக்காரர்கள் வண்டியைத் தவறவிட்டுவிட்டதாகத் தகவல் வந்திருக்கிறது என்பாள்.

இதில் அவளுடைய கெட்டிக்காரத்தனம் என்னவென்றால், வேறு எந்தப் பொய்யும் அவள் சொல்ல மாட்டாள். உடம்பு சரியில்லை என்று சொன்னால் ஊர் அதையே பிடித்துக்கொண்டு பெண்ணுக்குச் சீக்கு என்று கட்டிவிடும். சாவு என்று சொன்னால் பொய் தெரிந்துவிடும். வண்டியைத் தவறவிட்டது என்றால், மாப்பிள்ளை வீட்டில் ஒரு பெரிய மனுஷி கட்டாயம், முதல் பயணமே தடங்கல், இந்தச் சம்பந்தம் நமக்கு ஆகாது என்று சொல்லிவிடுவாள். அவர்களே வேண்டாம் என்று விட்டுவிட்டதாக நினைத்து ஊர் போய்ச் சேருவார்கள். பெண் வீட்டு ஆண்களுக்கோ இதெல்லாம் தெரியவே தெரியாது. சகுனம் சரியில்லை போல என்று அவர்கள் வெற்றிலை போட்டுக்கொள்வார்கள். "ரயில் மேல பழியப் போட்டா ரயிலா வந்து சண்டைக்கு நிக்கப்போகுது" என்பாள் அத்தை. அவள் புருஷன் மட்டும், டிபார்ட்மெண்டுக்குக் கெட்ட பேர் வாங்கித் தருகிறாய் என்று எப்போதாவது முனகுவார். முனகிவிட்டுக் கொடியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவார்.

ஏன் இந்த வேலை என்று ஒருநாள் கேட்டேன். அத்தை சிரித்தாள். அவளைக் கல்யாணத்துக்கு முன்னால் நிறையப் பேர் வந்து பார்த்தார்களாம். ஒவ்வொரு தடவையும் பஜ்ஜி, கேசரி, கூடத்தில் ஜமுக்காளம். வந்தவர்கள் போய் எழுதுகிறோம் என்பார்கள். கடிதம் வராதது தெருவுக்கே தெரியும். கடைசிக் காலத்தில், அவர்கள் வீட்டில் எண்ணெய் காய்கிற வாசனை வந்தாலே பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் பஜ்ஜி கேட்டு வாசலில் வந்து நின்றுவிடுவார்களாம். "என்னைய வேணாம்னு சொன்னாங்க, சரி. அதுல நான் வேணாம்னு சொல்றதுக்கும் ஒருத்தனாச்சும் இருந்திருப்பான்ல? என்னைய யாரும் கேக்கலயே" என்றாள். அதைச் சொல்லும்போது மட்டும் அவள் சிரிக்கவில்லை.

அவள் கண் ஒன்றும் சாமிக் கண் இல்லை, தப்பியதும் உண்டு. ஒரு பையன் தான் இறங்கியதும் திரும்பி, யாரோ ஒருத்தியின் கைக்குழந்தையை வாங்கி, அவள் இறங்கும்வரை வைத்துக்கொண்டு நின்றான். அத்தை உருகிவிட்டாள். பெண்ணும் சரியென்றாள். கல்யாணமான பிறகுதான் தெரிந்தது, பையன் சாயங்காலமானால் நிதானத்தில் இருப்பதில்லை என்று. அந்தப் பெண் தாய் வீட்டுக்கு வருகிறபோதெல்லாம் அத்தை அவளுக்குத் தட்டு நிறையச் சோறு போட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். "அவன் எறங்குனது நல்லாத்தான் இருந்துச்சு. ராத்திரி வீட்டுப் படி ஏறுறத நான் எந்த ஜன்னல்ல போயிப் பாப்பேன்" என்று என்னிடம் ஒருமுறை சொன்னாள். கொஞ்ச நாள் யாருக்கும் ஜன்னலைத் திறக்காமல் இருந்தாள் என்றும் கேள்விப்பட்டேன். பிறகு எவளோ ஒருத்தி அழுதுகொண்டு வந்து நின்றதும் பழையபடி ஆகிவிட்டாள்.

என் முறையும் வந்தது. மதுரையில் பாத்திரக்கடை வைத்திருந்த குடும்பம். அப்பா அலைந்து திரிந்து, பெரிய இடத்துச் சிபாரிசு பிடித்துக் கொண்டுவந்த சம்பந்தம். எனக்கு அடுத்து ஒரு தங்கை இருந்தாள். மூத்தவள் வாய்த்துடுக்கு, மாப்பிள்ளையை வேண்டாம் என்று சொன்னவள் என்று ஒரு பேச்சு கிளம்பினால் அவளுக்கும் சேர்த்துக் கதவு அடைத்துவிடும். எங்கள் பக்கத்தில் அப்படி அடைந்துபோன வீடுகள் உண்டு. வண்டியில் வரும்போது அம்மா அதை ஒரு தடவைகூட வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாமலேயே வழிநெடுக அதைத்தான் சொல்லிக்கொண்டு வந்தாள்.

மதுரை பாசஞ்சர் வந்து நின்றது. மாப்பிள்ளை வெள்ளைச் சட்டையில் முதல் ஆளாக இறங்கினான். சும்மா சொல்லக்கூடாது, அழகன். அப்பாவும் மாமாவும் இறங்கினார்கள். கடைசியாக அவன் அம்மா. எங்கள் பிளாட்பாரம் தாழ்வானது. படிக்கும் தரைக்கும் நடுவே நல்ல இடைவெளி. அந்த அம்மா ஒரு கையில் கனமான பழக்கூடையும் மறுகையில் கம்பியுமாக, முதுகைக் காட்டித் திரும்பி நின்று, ஒரு காலைக் கீழே விட்டுத் தரையைத் துழாவினாள். தரை தட்டுப்படவில்லை. மாப்பிள்ளை திரும்பிப் பார்த்தான். பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு சட்டைக் கையைச் சரிசெய்தான். அந்த அம்மா ஒருவழியாகத் தொப்பென்று குதித்து, உருண்ட பழங்களைத் தானே பொறுக்கினாள்.

அத்தை என் முகத்தைப் பார்த்தாள். நான் வேண்டாம் என்றேன். அம்மா என் தொடையில் கிள்ளினாள். அத்தை அம்மாவின் கையைப் பிடித்து எடுத்துவிட்டு, வாசலுக்குப் போய், வழக்கமான பொய்யைச் சொல்லிவிட்டு வந்தாள்.

வழக்கம்போல நாங்கள் பின்கதவு வழியே கிளம்பியிருந்தால் கதை அதோடு முடிந்திருக்கும். அன்றைக்கென்று கிளை வண்டியின் இன்ஜின் மக்கர் செய்தது. மதுரையிலிருந்து வேறு இன்ஜின் வர வேண்டும் என்றார்கள். மெயின் லைன் வண்டி போய்விட்டது. வெயில் தாங்காமல் கிளை வண்டி சனமெல்லாம் கீழே இறங்கி, பின்கதவுக்கு நேராக வண்டி நிழலில் உட்கார்ந்துவிட்டது. அதில் எங்கள் ஊர்க்காரர்களும் உண்டு, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவர்கள். முன்பக்கமோ மாப்பிள்ளை வீட்டார் மதுரைக்குத் திரும்பும் வண்டிக்காகப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். நானும் அம்மாவும் நடுவில், அடுப்புப் பக்கத்தில், மூச்சுவிடவும் பயந்துகொண்டு உட்கார்ந்திருந்தோம்.

கொஞ்ச நேரம் கழித்து முன்கதவு தட்டப்பட்டது. பாத்ரூமில் தாழ்ப்பாள் இல்லை என்று மாப்பிள்ளையின் அம்மா வந்து நின்றாள். அத்தை மறிப்பதற்குள் அவள் உள்ளே கால் வைத்துவிட்டாள். என் போட்டோ அவர்கள் வீட்டில் ஒரு மாதமாக இருந்தது. என்னைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள். அம்மா எழுந்து நின்று கைகூப்பினாள்.

அத்தை மட்டும் பதறவில்லை. "பாத்ரூமு அந்தப் பக்கம் இருக்கு. மொதல்ல போயிட்டு வாங்க. வந்து பேசுவோம்" என்றாள். அந்த நேரத்திலும் அப்படிச் சொல்லத் தோன்றியது பாருங்கள், அதுதான் அத்தை.

அவள் திரும்பி வந்ததும் அத்தை நேராகச் சொன்னாள். "பொய் சொன்னது நாந்தான். புள்ள வந்துச்சு, பாத்துச்சு, வேணாங்குது. இது என் வீட்டு வழக்கம், அவுக மேல தப்பில்ல. நீங்க வெளிய போயி என்ன சொன்னாலும் நான் மறுக்க மாட்டேன்."

அந்த அம்மா என்னைப் பார்த்துக் கேட்டாள். "அப்படி என்னத்தப் பாத்த?"

எனக்கு இருபத்தொரு வயது. மழுப்பத் தெரியவில்லை. "நீங்க எறங்க முடியாம நின்னீங்க. அவுக திரும்பிப் பாத்தாக. பாத்துட்டுத் திரும்பிக்கிட்டாக" என்றேன்.

அம்மா என் வாயைப் பொத்த வந்தாள். அந்த அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எங்க வீட்ல எல்லாரும் அப்படித்தான் எறங்குவாக ஆத்தா" என்றாள். குரலில் கோபம் இல்லை. அதைவிட மோசமாக, தான் சொன்னதை அவளே அன்றுதான் முதல்முறையாகக் கேட்டதுபோல இருந்தது. அத்தை கொடுத்த தண்ணீரை நின்றபடியே குடித்துவிட்டு வெளியே போனாள்.

நாங்கள் ஜன்னலில் பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் பெஞ்சுக்குப் போய்ப் புருஷனிடம் என்னவோ சொன்னாள். அவர் எழுந்து நின்று குவார்ட்டர்ஸ் பக்கம் பார்த்தார். அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தாள். அப்பா, தங்கை, ஊர் எல்லாம் என் கண்முன்னால் வந்து போயின. அத்தை நாலு டம்ளரில் காபியை ஊற்றித் தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு, எதுவானாலும் நான் வாங்கிக்கொள்கிறேன் என்பதுபோல வெளியே நடந்தாள்.

திரும்பி வந்தபோது தட்டு காலியாக இருந்தது. அத்தை தரையில் உட்கார்ந்தாள். அவள் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. "அந்தம்மா அவுக ஆளுககிட்டச் சொல்லிருச்சு. நான் உள்ள போயித் தீர விசாரிச்சேன், பொண்ணு வீட்டுக்காரங்க வண்டிய விட்டுட்டது நெசந்தான், இது நமக்கு ஆகாதுன்னு" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். அம்மாவும் அழுதாள். எனக்கு மட்டும் அழுகை வரவில்லை, பசித்தது. அத்தை எழுந்து தோசை ஊற்றினாள்.

வேறு இன்ஜின் வந்து, சனம் ஏறிய பிறகு நாங்களும் தொற்றி ஏறி ஊர் போய்ச் சேர்ந்தபோது, இன்ஜின் கோளாறு, பார்க்க முடியவில்லை என்று அம்மா அப்பாவிடம் சொன்னாள். முதல் பாதி முழுக்க உண்மை. பேச்சு ஒன்றும் கிளம்பவில்லை. என் தங்கைக்கு என்னைவிட நல்ல இடத்தில் முடிந்தது.

பருத்தியும் கடலையும் லாரிக்கு மாறிய பிறகு கிளைப்பாதை நெடுநாள் தாங்கவில்லை. தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போனார்கள். பலகையில் சந்திப்பு என்பதை மட்டும் வெள்ளையடித்து மறைத்தார்கள். அத்தையின் புருஷனை வேறு ஸ்டேஷனுக்கு மாற்றினார்கள். அதற்குப் பிறகு நான் அவளைப் பார்க்கவில்லை. மெயின் லைன் இப்போது அகலப்பாதையாகிவிட்டது. மதுரையிலிருந்து என் மகளோடு ஒருமுறை அதில் போனேன். இங்கேதான் ஜங்ஷன் இருந்தது என்று சொல்லி முடிப்பதற்குள் கருவேலமரங்களுக்குள் அது கடந்து போய்விட்டது. என் மகள் மாப்பிள்ளைகளைப் போனில் பார்க்கிறாள், பிடிக்காவிட்டால் விரலால் தள்ளிவிடுகிறாள். வசதிதான், குறை சொல்ல மாட்டேன். இதுல எறங்குறத எப்படித்தா பாக்குறது என்று அத்தை மட்டும் கேட்டிருப்பாள்.

அதற்கெல்லாம் முன்னால், பாதையை மூடப்போகிறார்கள் என்று பேச்சு வந்த நாட்களில் ஒரு சனிக்கிழமை. மதுரை வண்டியிலிருந்து இறங்கிய நான், அடுத்த பெட்டியிலிருந்து ஒரு வயசுப் பெண் இறங்கித் திரும்பி நின்று, அம்மாவுக்கு இரண்டு கையையும் நீட்டுவதைப் பார்த்தேன். அந்த அம்மாவின் முகம் வெளியே வந்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பாத்திரக்கடை வீட்டம்மா. கூட ஆண்கள் யாரும் இல்லை. அவள் அங்குமிங்கும் பார்க்காமல் நேரே குவார்ட்டர்ஸுக்கு நடந்தாள்.

போவதா வேண்டாமா என்று தயங்கி நின்ற என்னை அத்தை வாசலிலிருந்து கையைக் காட்டிக் கூப்பிட்டாள். அன்று கிளை வண்டி தாமதம். எங்கள் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் அதில் வருகிறார்களாம். அந்த அம்மா என்னைப் பார்த்துத் தலையசைத்தாள், சிரிக்கவில்லை. மகளை ஜன்னலோரம் உட்கார வைத்தாள். தான் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி, அடுப்பைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.

கிளை வண்டி வந்து நின்றது. பின்பக்கம் இறங்கிய கூட்டம் ஜன்னல் பக்கத்துப் பிளாட்பாரத்துக்குச் சுற்றிக்கொண்டு வந்தது. அத்தை, "நீங்க பாக்கலயாத்தா?" என்று கேட்டாள்.

"நான் பாத்து என்ன ஆகப்போகுது? போயி இருக்கப்போறவ அவ. அவ சொல்லட்டும்" என்றாள்.

அந்தப் பெண் வெகுநேரம் பார்த்தாள். பிறகு திரும்பி, "வேணாம்மா" என்றாள். அம்மா ஏன் என்று கேட்கவில்லை. மகளின் தலையில் கலைந்திருந்த பூவை எடுத்துச் சரியாகச் செருகினாள். அத்தை எழுந்து, சேலையை உதறிக்கொண்டு, பெண் வீட்டுக்காரர்கள் வண்டியைத் தவறவிட்டுவிட்டார்கள் என்று சொல்வதற்காகப் பிளாட்பாரத்துக்குப் போனாள்.